“யாருக்காவது சந்தேகம் இருக்கா?” என்று கேட்டால் யார் பேசுவார்?

கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 32. பகலில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கு வேலை. ஒன்றாம் வகுப்பு படிக்கும் மகன் இருக்கிறான். பி.காம். முடித்துப் பத்து வருடம் கழித்து ஆன்லைனில் எம்.பி.ஏ. சேர்ந்திருக்கிறார். இந்தப் பருவத்தில் ஆறு பேர் கொண்ட குழுவாக ஒரு ஆய்வு செய்து, வீடியோவில் சேர்ந்து விளக்க வேண்டும். இன்டர்னலில் 30 மார்க் அதற்கு. எடுத்துக்கொண்ட தலைப்பு, பண்ருட்டிப் பக்கத்துச் சிறிய முந்திரி ஆலைகளுக்கு லாபம் இருந்தும் கையில் காசு நிற்காதது ஏன் என்பது. ஞாயிறு இரவு எட்டரை மணிக்கு கூகுள் மீட்டில் கூடுகிறார்கள். எப்படியும் பத்து மணிக்கு மேல் ஆகிவிடுகிறது.

குழுவில் மற்ற ஐவர்: வில்லியனூரில் இப்போதுதான் பட்டம் முடித்த ஒரு பையன், பண்ருட்டியில் தனியார் மருத்துவமனை நர்ஸ், நெய்வேலியில் சிறு ஒப்பந்த வேலைகள் எடுத்துச் செய்யும் 45 வயதுக்காரர், காரைக்காலில் ஒரு பெண், துபாயில் ஒருவர். “நானும் வில்லியனூர் தம்பியும்தான் பேசுகிறோம். நர்ஸும் நெய்வேலிக்காரரும் வாயே திறப்பதில்லை. கேமராவும் போடுவதில்லை. போட்டே ஆக வேண்டும் என்று விதி வைத்தேன், கேட்கவில்லை. ஒவ்வொரு கூட்டத்தையும் என் செல்போனில் ஸ்கிரீன் ரெக்கார்டு செய்து வைத்திருக்கிறேன். அதை ஒருங்கிணைப்பாளருக்கு அனுப்பி இந்த இருவரையும் நீக்கச் சொல்லலாமா, மேடம்? வீட்டில் கணவர், செல்போனில் பேசி வாங்கும் டிகிரிக்கு என்ன மதிப்பு என்கிறார். மாமியார், கேமரா இருக்கும் பக்கம் வராமல் முகத்தைச் சுளித்துக்கொண்டு சுற்றிப் போகிறார். நான் தொடர்வதா, விடுவதா?” என்று கேட்டிருக்கிறார்.

அன்புச் சகோதரிக்கு,

வேலை, குழந்தை, வீடு எல்லாவற்றையும் பார்த்துவிட்டு ஞாயிறு இரவில் உட்கார்ந்து ஐந்து பேரை இழுத்துக்கொண்டு போகிறீர்கள். மற்றவர்கள் சும்மா இருந்து மார்க் வாங்கிக்கொண்டு போவார்களே என்ற கோபம் நியாயமானது. அதில் உங்களை மறுக்க எனக்கு ஒன்றும் இல்லை.

ஆனால் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அதிலிருந்துதான் நான் தொடங்க வேண்டியிருக்கிறது. “முதல் கூட்டத்தில் நர்ஸ் கொட்டாவி விட்டதை வில்லியனூர் தம்பி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப் ஸ்டிக்கராக்கிவிட்டான், ஒரே சிரிப்பு.” அந்தப் பெண் சிரித்தாரா? நீங்கள் எழுதவில்லை. இரண்டாவது கூட்டத்திலிருந்து அவர் கேமரா போடவில்லை என்று அதற்கு அடுத்த பத்தியில் வருகிறது. இரண்டையும் சேர்த்துப் படிக்க உங்களுக்குத் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது.

இரவுப் பணி முடித்து வந்தவரோ, அடுத்த ஷிஃப்டுக்குக் கிளம்ப இருந்தவரோ, யாருக்குத் தெரியும். களைத்துப்போன முகம் குழுவில் உலாவுகிறது. அதற்குப் பிறகு “கேமரா போடு” என்று விதி வைத்தால் அவர் காதில் அது எப்படி விழும் என்று யோசித்துப் பாருங்கள்.

முதலில் ரெக்கார்டை நிறுத்துங்கள்

இலவச மீட் கணக்கில் பதிவு செய்யும் வசதி கிடையாது. இருக்கிற கணக்கில் பதிவு செய்தால், பதிவாகிறது என்று எல்லோருக்கும் திரையில் தெரியும். நீங்கள் செல்போனின் ஸ்கிரீன் ரெக்கார்டரில் எடுப்பதால் யாருக்கும் தெரியாது. அதுதான் சிக்கல். உங்கள் நோக்கம் நல்லதாகவே இருக்கட்டும். ஆனால் அந்த வீடியோவில் ஐந்து பேருடைய வீடு இருக்கிறது, வீட்டு மனிதர்களின் குரல் இருக்கிறது. நர்ஸ் மருத்துவமனை ஓய்வறையிலிருந்து சேர்ந்ததாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பின்னால் யாரோ ஒரு நோயாளியின் பெயரும் நோயும் பேசப்பட்டிருந்தால் அதுவும் உங்கள் போனில் இருக்கிறது.

நான் வக்கீல் இல்லை. சட்டப் பிரிவுகளைச் சொல்லி உங்களைப் பயமுறுத்தப் போவதும் இல்லை. ஒருங்கிணைப்பாளர் இதைப் பார்த்ததும் என்ன கேட்பார் என்று மட்டும் நினைத்துப் பாருங்கள். “அவர்களுக்குத் தெரிந்துதான் எடுத்தீர்களா?” என்பதே முதல் கேள்வியாக இருக்கும். அந்த நிமிடம் புகார் கொடுத்தவர் நீங்கள் என்பது மறைந்து, புகாருக்கு உரியவர் நீங்கள் என்று ஆகிவிடும். ஸ்டிக்கர் விஷயமும் அதே கையோடு வெளியே வரும். ஒரு பெண் மாணவியின் படத்தை அவர் சம்மதம் இல்லாமல் கேலிக்குப் பயன்படுத்தியதைக் கல்வி நிறுவனம் லேசாக எடுத்துக்கொள்ளாது, எடுத்துக்கொள்ளவும் கூடாது.

ஆகவே, அடுத்த கூட்டத்தில் சொல்லிவிடுங்கள். “நினைவுக்காக இதுவரை ரெக்கார்டு செய்தேன், கேட்காமல் செய்தது தப்பு, அழித்துவிடுகிறேன்.” இரண்டு வரி போதும். அழித்த பிறகு போனின் குப்பைத் தொட்டியையும் காலி செய்யுங்கள். கூகுள் போட்டோஸில் தானாக ஏறியிருந்தால் அங்கேயும் பார்க்க வேண்டும். தம்பியிடம் தனியாகப் பேசி ஸ்டிக்கரை எடுக்கச் சொல்லுங்கள். 22 வயதுப் பையன். அக்கா சொன்னால் கேட்பான். அவன் வாயாலேயே பண்ருட்டித் தங்கையிடம் மன்னிப்புக் கேட்கட்டும்.

கேமரா போட்டால்தான் படிப்பதாக அர்த்தமா?

நீங்கள் மட்டும் இல்லை, ஆசிரியர்கள் பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். நானும் நினைத்தேன். 2020-இல் வீட்டிலிருந்து பாடம் எடுத்தபோது அறுபது கறுப்புக் கட்டங்களைப் பார்த்துப் பேசுவது எனக்கு அவமானமாக இருந்தது. ஒருநாள் என் இணைப்பு அறுந்தது தெரியாமல் கால் மணி நேரத்துக்கு மேல் தேய்மானக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தேன். கேட்க ஆளில்லை என்பது எனக்குத் தெரியவே இல்லை. அப்போதுதான் ஒன்று உறைத்தது. ஆள் இருந்தபோதும் நான் இதே மாதிரிதான் பேசிக்கொண்டிருந்தேன்.

கேமரா போடாததற்குக் காரணங்கள் எளிமையானவை. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக உயிரியல் வகுப்பு மாணவர்களிடம் கேட்டு 2021-இல் ஒரு ஆய்வு வெளியானது. தன் தோற்றம் பற்றிய கூச்சம், பின்னால் தெரியும் இடமும் மனிதர்களும், இணைய வேகம் இவையே அவர்கள் சொன்ன முக்கியக் காரணங்கள். நியூயார்க் மாநிலத்திலேயே இப்படி என்றால் நெய்வேலியில் ஒரே ஹாலில் டிவியும் பிள்ளைகளும் இருக்கும் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்டின் ஜெரமி பெய்லன்சன், வீடியோ கூட்டம் ஏன் இவ்வளவு களைப்பைத் தருகிறது என்று எழுதினார். எந்நேரமும் எல்லா முகமும் நம்மையே நெருக்கத்தில் பார்ப்பது, தன் முகத்தைத் தானே பார்த்துக்கொண்டிருப்பது, நகர முடியாமல் உட்கார்ந்திருப்பது, தலையாட்டுவதைக்கூட மிகைப்படுத்திச் செய்ய வேண்டியிருப்பது என நான்கு காரணங்களை அடுக்கினார். இன்னொரு ஆய்வு 103 பணியாளர்களை நான்கு வாரம் கவனித்தது. கேமரா போட்ட நாட்களில் களைப்பு கூடியது. பெண்களுக்கும் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும் இன்னும் கூடியது. களைத்தவர்கள் கூட்டத்தில் குறைவாகவே பேசினார்கள். அதாவது, பேச வைப்பதற்காக நீங்கள் போட்ட விதி வாயை அடைத்திருக்கவும் கூடும்.

உங்கள் மாமியாரையே எடுத்துக்கொள்ளுங்கள். கேமரா பக்கம் வராமல் சுற்றிப் போவதை உங்கள் படிப்பின் மேல் அவருக்குள்ள வெறுப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். இரவில் வீட்டுப் புடவையில், முடி கலைந்து, தெரியாத ஐந்து பேர் பார்வையில் விழ எந்தப் பெரியவருக்குப் பிடிக்கும்? உங்கள் வீட்டிலேயே கேமராவுக்கு ஒளிகிற ஒருவர் இருக்கிறார். போனைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வையுங்கள், பாதிப் பிரச்சினை அன்றைக்கே போய்விடும்.

டேட்டாக் கணக்கும் உண்டு. நம் ஊரில் பெரும்பாலோர் ஒரு நாளைக்கு ஒன்றரை, இரண்டு ஜிபி திட்டத்தில் இருக்கிறோம். ஒரு மணி நேரக் குழு வீடியோ அதில் பெரும் பங்கைத் தின்றுவிடும். குரல் மட்டும் என்றால் சில பத்து எம்பிக்குள் முடிந்துவிடும். காரைக்கால் தோழி பத்து நிமிடத்துக்கு ஒருமுறை காணாமல் போய் வருவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

முகமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முதல் ஐந்து நிமிடம், முடிந்தவர்கள் கேமரா போட்டு நலம் விசாரித்துக்கொள்ளுங்கள். அப்புறம் எல்லோரும் அணைத்துவிடலாம். செல்போனில் ஸ்கிரீன் ஷேர் செய்யும்போது முகங்கள் எப்படியும் கடுகளவுதானே தெரிகின்றன?

அவர்கள் ஏன் பேசவில்லை

கூட்டம் எப்படி நடக்கும் என்று நீங்களே வர்ணித்திருக்கிறீர்கள். “நான் அத்தியாயத்தை விளக்குவேன். பிறகு யாருக்காவது சந்தேகம் இருக்கா என்று கேட்பேன். யாரும் பேச மாட்டார்கள்.” சகோதரி, 27 வருடம் வகுப்பு முடிவில் இதே கேள்வியைக் கேட்டவள் நான். பதில் வந்த நாட்களை எண்ண என் கைவிரல்களே போதும். “சந்தேகம் இருக்கா?” என்ற கேள்விக்கு ஆம் என்பவர், எனக்குப் புரியவில்லை என்று எல்லோர் முன்னும் ஒப்புக்கொள்கிறார். அதை யார் விரும்பிச் செய்வார்? அதைவிட, அது யாரையும் பார்த்துக் கேட்கப்படாத கேள்வி. எல்லோரையும் கேட்டால் யாரையும் கேட்காத மாதிரிதான்.

நேரில் இருந்தாலாவது ஒருவர் மூச்சை இழுப்பது, முன்னால் சாய்வது, வாய் லேசாகத் திறப்பது எல்லாம் தெரியும். “என்னண்ணே, ஏதோ சொல்ல வந்தீங்க?” என்று நாம் இடம் விடுவோம். சாதாரணப் பேச்சில் ஒருவர் முடித்து மற்றவர் தொடங்க ஆகும் நேரம் பெரும்பாலும் ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்குதான். வீடியோவில் குரல் போய்ச் சேரவே அதற்குச் சமமான தாமதம் ஏற்படுவது சகஜம். அந்த இடைவெளியில் இரண்டு பேர் ஒன்றாகத் தொடங்குவார்கள். “சொல்லுங்க”, “இல்லை, நீங்க சொல்லுங்க” என்று பின்வாங்குவார்கள். துடிப்பான தம்பி மூன்றாம் முறையும் முந்திக்கொள்வான். 45 வயதுக்காரர் இரண்டு முறை முட்டியதும் போதுமடா சாமி என்று மியூட்டில் போய்விடுவார். இந்தத் தாமதத்தைப் பற்றி 2014-இல் ஜெர்மனியில் செய்த சோதனை ஒன்று எனக்கு மறக்க முடியாதது. குரல் ஒரு நொடிக்கு மேல் தாமதமாக வந்தபோது, பேசியவர்கள் குறையை இணைப்பின் மேல் போடவில்லை. எதிர்முனையில் இருப்பவர் அக்கறை இல்லாதவர், கவனம் குறைந்தவர் என்று மதிப்பிட்டார்கள். நெய்வேலிக்காரரை நீங்கள் மதிப்பிட்ட சொற்களும் கிட்டத்தட்ட இவையே.

இன்னொன்று, மொழி. விளக்கம் ஆங்கிலத்தில் இருக்கப் போகிறது என்பதால் கூட்டத்தையும் ஆங்கிலத்தில் நடத்துகிறோம் என்று எழுதியிருக்கிறீர்கள், பழக்கத்துக்காக என்று. தம்பிக்கும் துபாய்க்காரருக்கும் அது சுலபம். ஒப்பந்தக்காரருக்கு யோசிக்க ஒரு நேரம், மொழிபெயர்க்க ஒரு நேரம். அதற்குள் பேச்சு அடுத்த ஸ்லைடுக்குப் போயிருக்கும். தமிழில் சண்டை போடுங்கள், ஆங்கிலத்தில் எழுதுங்கள். கடைசி வாரம் மட்டும் ஆங்கிலத்தில் ஒத்திகை பார்த்தால் போதும்.

வடம் பிடிக்கிற கணக்கு

வில்லியனூர்த் தேரில் வடம் பிடிப்பவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? தொட்டுக் கும்பிட்டுக்கொண்டே நடப்பவர்களும் அதில் உண்டு, உயிரைக் கொடுத்து இழுப்பவர்களும் உண்டு. மேக்ஸ் ரிங்கல்மன் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர், நம் புதுச்சேரியில் இதைப் பார்த்தாரோ என்னவோ என்று வேடிக்கையாக நினைத்துக்கொள்வேன். ஆட்களைக் கயிறு இழுக்க வைத்து அளந்து 1913-இல் வெளியிட்டார். எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது, ஆளுக்கு இழுத்த பலம் தனியே இழுப்பதில் ஏறக்குறைய பாதிக்கு இறங்கியிருந்தது. ஒருங்கிணைப்பு இல்லாதது ஒரு காரணம், நாம் இழுக்காவிட்டாலும் தெரியாது என்பது இன்னொரு காரணம். பின்னால் 1981-இல் அமெரிக்க உளவியலாளர்கள் செய்த சோதனைகளில், யார் எவ்வளவு உழைத்தார் என்று தனித்தனியாகத் தெரியும் என்றபோது இந்தச் சுணக்கம் மறைந்துபோனது.

உங்கள் குழுவில் இதுவரை யாருக்கும் தனி வடம் கிடையாது. எல்லோரும் எல்லாவற்றையும் படிக்கிறீர்கள், நீங்கள் சொல்கிறீர்கள், மற்றவர் கேட்கிறார்கள். நெய்வேலிக்காரர் வராவிட்டால் என்ன குறையும்? ஒன்றும் குறையாது. அது அவருக்கும் தெரியும்.

1971-இல் டெக்சாஸின் ஆஸ்டின் நகரில் எலியட் அரோன்சன் என்ற பேராசிரியர் பள்ளிகளுக்காக ஒரு முறையைச் செய்து பார்த்தார். பாடத்தைத் துண்டுகளாக்கி, குழுவில் ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டு மட்டும் கொடுத்தார். என் துண்டு என்னிடம் மட்டுமே இருக்கிறது. நான் சொன்னால்தான் உனக்குத் தெரியும். வாய் திறக்காத பிள்ளையிடம் மற்ற பிள்ளைகளே கேட்டுக் கேட்டு வாங்க ஆரம்பித்தார்கள். பள்ளிக்காகத் தோன்றிய முறைதான், எம்.பி.ஏ.வுக்கும் வீடியோவுக்கும் அப்படியே பொருந்தும்.

உங்கள் தலைப்பையே பாருங்கள். முந்திரிக் கொட்டை சித்திரையை ஒட்டிய சில மாதங்களில்தான் உள்ளூரில் கிடைக்கும். வருடம் முழுக்க ஆலை ஓட வேண்டுமானால் அப்போதே வாங்கிக் குவிக்க வேண்டும், போதாததற்கு ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து இறக்குமதி செய்ய வேண்டும். பணம் கொட்டையாகிக் கிடங்கில் கிடக்கிறது. பருப்பாகி, தரம் பிரித்து, விற்று, அந்தக் காசு வரும்வரை கூலி கொடுக்க வேண்டும், வட்டி கட்ட வேண்டும். இதைத்தான் நீங்கள் நடைமுறை மூலதனம் என்று மூன்று ஞாயிறுகளாகப் புத்தகத்திலிருந்து வாசித்துக்கொண்டிருக்கிறீர்கள். இதைக் கேட்டுக்கொண்டு மியூட்டில் இருப்பவர்கள் யார்? ஒருவர் பண்ருட்டியிலேயே இருக்கிறார். முந்திரி உடைக்கும் பெண்கள் அவரிடம் ஊசி போட்டுக்கொள்ள வருகிறவர்களாக இருக்கலாம். இன்னொருவர், வேலையை முடித்துக் கொடுத்துவிட்டு பில் பாஸாகும்வரை தன் கைக்காசில் ஆட்களுக்குக் கூலி கொடுத்துத் தாங்குகிறவர். உங்கள் பாடத்துக்கு அவர் நடமாடும் உதாரணம். நீங்கள் நீக்க நினைப்பது, விஷயம் தெரிந்த இரண்டு பேரை.

ஆகவே துண்டுகளைப் பிரியுங்கள். பண்ருட்டித் தங்கைக்குக் கொள்முதலும் கூலியும். நெய்வேலி அண்ணனுக்கு, பணம் வரத் தாமதமாகும்போது ஒரு சிறு தொழில் எப்படித் தாங்குகிறது என்பது. துபாய்க்காரர் அங்கே கடைகளில் டபிள்யூ 240, டபிள்யூ 320 ரகங்கள் என்ன விலைக்குப் போகின்றன என்று பார்த்துச் சொல்லட்டும். டபிள்யூ 320 என்றால் ஒரு பவுண்டுக்கு அதிகபட்சம் 320 பருப்பு என்ற கணக்கை அவரே விளக்கட்டும். காரைக்கால் தோழிக்கு வங்கிக் கடன். தம்பிக்குத் தரவும் படங்களும். உங்களுக்கு உங்கள் தொழிலே இருக்கிறது: சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்ற சட்டவிதி காகிதத்தில் என்ன சொல்கிறது, புத்தகக் கணக்கில் என்ன நடக்கிறது. ஆறு ஊரில் ஆறு பேர் இருப்பதை இதுவரை இடைஞ்சலாகப் பார்த்தீர்கள். ஒரே விடுதியில் தங்கிப் படிக்கும் ஆறு பேரால் இந்த ஆய்வைச் செய்யவே முடியாது.

ஞாயிறு எட்டரை மணி

சனி இரவுக்குள் ஒவ்வொருவரும் பொதுவான ஒரு கூகுள் டாக்கில் தன் துண்டைப் பற்றி ஐந்து வரி எழுத வேண்டும். தமிழோ, தங்கிலீஷோ, எதுவாக இருந்தாலும் சரி. எழுத வராதவர் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பினால் இன்னொருவர் தட்டச்சு செய்யட்டும். கூட்டத்தில் யாரும் “வாசிக்க” வேண்டியதில்லை. எழுதியதைப் பற்றிக் கேள்வி கேட்பதற்கு மட்டும்தான் கூட்டம்.

இலவச மீட்டில் மூன்று பேரோ அதற்கு மேலோ இருந்தால் 60 நிமிடத்தில் முடிந்துவிடும். நீங்கள் உடனே இன்னொரு லிங்க் போட்டு இரவு பத்தே காலுக்கு இழுக்கிறீர்கள். வேண்டாம். 60 நிமிடம் என்பதை வரமாக எடுத்துக்கொள்ளுங்கள். முதல் கால் மணி எல்லோரும். பிறகு எல்லோரும் வெளியே வந்து இருவர் இருவராக வாட்ஸ்அப்பில் கால் மணி நேரம் பேசுங்கள். குழுவைச் சிறு அறைகளாகப் பிரிக்கும் வசதி இலவச மீட்டில் இல்லை, அதற்கு இதுவே மாற்று. ஆறு பேர் முன்னால் பேசத் தயங்குகிறவர் ஒருவரிடம் பேசிவிடுவார். திரும்பிச் சேர்ந்ததும் ஒவ்வொருவரும் தன் ஜோடி சொன்னதைச் சொல்ல வேண்டும், தான் சொன்னதை இல்லை. முதல் இரண்டு வாரம் நெய்வேலி அண்ணனோடு தம்பியை ஜோடி சேர்க்காதீர்கள், நீங்களே சேருங்கள். பேசாமல் கேட்க வேண்டியவர் நீங்கள்.

கூட்டத்தை நடத்துகிறவர் வாரம் ஒருவராக மாறட்டும். உங்கள் முறை கடைசியில் வரட்டும். கை அரிக்கும், வாய் துடிக்கும், தெரியும். கேள்வியைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்; கேட்ட பிறகு மனதுக்குள் ஐந்து எண்ண வேண்டும். வீடியோவில் ஐந்து நொடி மௌனம் ஐந்து நிமிடமாகத் தோன்றும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடலூரும் புதுச்சேரியும் பக்கம்தானே, நாங்கள் மூன்று பேர் நேரில் கூடி மற்றவர்களைப் போனில் சேர்த்துக்கொள்ளலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். கூடலாம், ஆனால் அரட்டைக்கு மட்டும். மூன்று பேர் ஒரே அறையில், மூன்று பேர் திரையில் என்றால் அறையில் இருப்பவர்கள் தங்களுக்குள் பேசி முடித்துவிடுவார்கள். திரைக்காரர்கள் கல்யாண வீட்டில் தெரிந்தவர் இல்லாத விருந்தாளி மாதிரி ஆகிவிடுவார்கள்.

நீக்குவது, விலகுவது, புகார் செய்வது

இரண்டு வாரம் மேலே சொன்னபடி நடத்திப் பாருங்கள். அதன் பிறகும் ஒருவர் எதையும் செய்யவில்லை என்றால், ஒருங்கிணைப்பாளருக்கு நேராக எழுத உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. நீக்கச் சொல்லிக் கேட்காதீர்கள். ஒவ்வொருவரின் பகுதிக்கும் தனி மார்க் போடச் சொல்லிக் கேளுங்கள். யார் எந்தப் பகுதியைச் செய்தார் என்ற பட்டியலை அறுவரும் ஒப்புக்கொண்டு இணைத்து அனுப்பலாம். கூகுள் டாக்கில் யார் எப்போது என்ன எழுதினார் என்ற வரலாறு தானாகவே பதிவாகும், எல்லோருக்கும் தெரிந்தே பதிவாகும். ஒளிந்து எடுத்த வீடியோவை விட நூறு மடங்கு மேலான ஆதாரம். ஒரே எச்சரிக்கை: குரலில் சொல்லி இன்னொருவர் தட்டச்சு செய்தது அதில் தட்டச்சு செய்தவர் பெயரில்தான் இருக்கும். பகுதியின் தலைப்பில் சொன்னவர் பெயரைப் போட்டுவிடுங்கள்.

ஒருங்கிணைப்பாளர் பதிலே தராவிட்டால், கல்வி நிறுவனங்களில் மாணவர் குறைதீர் குழு இருக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2023 விதிகள் சொல்கின்றன. அதற்கு மேல் முறையீடு கேட்கக் குறைகேள் அதிகாரியும் உண்டு. இந்த விஷயத்துக்கு அவ்வளவு தூரம் போக வேண்டி வராது என்றே நினைக்கிறேன். பண்ருட்டித் தங்கை ஸ்டிக்கருக்காகப் போக நினைத்தால் அவருக்கும் அதே வழி திறந்திருக்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

குழுவை விட்டு நீங்கள் விலகுவது? ஐந்து வாரம் மிச்சம் இருக்கும்போது புதிய குழுவில் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். அங்கேயும் இரண்டு பேர் மியூட்டில் இருப்பார்கள்.

வீட்டில் என்ன சொல்வது

உங்கள் கணவர் கேட்பது தப்பான கேள்வி இல்லை. அங்கீகாரம் இல்லாத படிப்பில் பணத்தை விட்டவர்கள் நம் ஊர்களில் நிறைய. அவரையும் பக்கத்தில் உட்கார வைத்து, யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தில் உங்கள் பல்கலைக்கழகமும் உங்கள் படிப்பும் நீங்கள் சேர்ந்த ஆண்டுக்கு உள்ளனவா என்று பாருங்கள். 2024-லிருந்து சேர்பவர்களுக்கு அந்தப் பிரிவின் டெப் ஐடி என்ற எண் கட்டாயம். அண்மையில் சேர்ந்தவர் என்றால் உங்களிடமும் அது இருக்க வேண்டும். இருந்தால், அங்கீகாரம் பெற்ற ஆன்லைன் பட்டம் நேரில் படித்த பட்டத்துக்குச் சமம் என்று யுஜிசி 2022 செப்டம்பரில் அறிவித்ததைக் காட்டுங்கள். சமம் என்பதால் எல்லா முதலாளியும் வேலை தந்துவிடுவார் என்று நான் சொல்லவில்லை, அதை எந்தப் பட்டத்துக்கும் சொல்ல முடியாது.

நம் மாவட்டத்துக்குத் தூரத்தில் இருந்து படிப்பது புதிதும் இல்லை. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979-லேயே தொலைதூரக் கல்வியைத் தொடங்கிவிட்டது. என் அக்கா அந்தக் காலத்தில் அப்படித்தான் படித்தாள். தபாலில் பாடக்கட்டு வரும், அடுப்படியில் வைத்துப் படிப்பாள். கூடப் படித்த ஒருவரின் பெயர்கூட அவளுக்குக் கடைசிவரை தெரியாது. உங்களுக்கு ஐந்து பேர் இருக்கிறார்கள்.

இரவு பத்தே கால்வரை பேச்சு ஓடுவதைப் பற்றி உங்கள் கணவர் முணுமுணுப்பதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஒன்பதரைக்கு முடித்துக்கொண்டு எழுந்து வாருங்கள்.

அடுத்த ஞாயிறு கூட்டத்தை நடத்தும் பொறுப்பைக் காரைக்கால் தோழியிடம் கொடுங்கள். முதல் கேள்வி நெய்வேலி அண்ணனுக்கு, தமிழில்: “அண்ணே, பில் வராத மாசம் ஆளுங்களுக்குக் கூலி எங்கேருந்து எடுத்துக் கொடுப்பீங்க?” கேட்டுவிட்டு எல்லோரும் ஐந்து எண்ணட்டும். என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.